எஸ்டேட் கணக்குக்கு போஸ்ட்கிரஸ்: ஆறு வருஷம் ஓட்டிய பிறகு

ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் ஒரு காபி எஸ்டேட். அதன் கணக்குக் கம்ப்யூட்டரை 2019 கடைசியிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீடு அஸ்தம்பட்டியில். மாதம் ஒரு தடவை கோரிமேடு வழியாக பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு கடந்து, ஒண்டிக்கடையில் இறங்கி ஒரு டீ குடித்தால்தான் எனக்கு உயிர் வரும். இந்த மதிப்புரை அங்கே ஓடுகிற டேட்டாபேஸ் பற்றியது. போஸ்ட்கிரஸ்கியூஎல் என்பது முழுப்பெயர். எல்லோரும் சொல்கிறபடி போஸ்ட்கிரஸ் என்றே எழுதுகிறேன்.

விலை ஒன்றும் கிடையாது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது. 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை, இப்போதைய பெயர் 1996இல் வந்தது. இதெல்லாம் எஸ்டேட் முதலாளிக்குத் தேவையில்லை. "சனிக்கிழமை சாயங்காலம் கூலிச் சீட்டு வருமா, வராதா?" அவர் கேட்டது இவ்வளவுதான்.

எங்களுக்கு இருக்கிற வேலை பெரியதல்ல. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் எடுப்பு. மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஆளுக்கு ஆள் பழத்தைத் தராசில் வைத்து எடை போட்டுப் பதிய வேண்டும். சனிக்கிழமை அதைக் கூட்டிக் கூலிச் சீட்டு அடிக்க வேண்டும். நடுவில் மிளகு, உரம், லாரி வாடகை. ஆறு வருஷத்துக் கணக்கு மொத்தமும் ஒரு ஜிபி தாண்டவில்லை. இதற்கு எதற்கு போஸ்ட்கிரஸ், எக்ஸெல் போதாதா என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். எக்ஸெல்லில்தான் இருந்தது. ஒரு மழைநாளில் கரன்ட் போய், திரும்பி வந்தபோது ஃபைல் திறக்கவில்லை. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மலையில் கரன்ட் போவது செய்தியே இல்லை. இடி இறங்கினால் போகும், சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் போகும். யுபிஎஸ் இருக்கிறது. அதன் பேட்டரி செத்து எட்டு மாதம் ஆகியிருந்ததை ஒருநாள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அந்த எட்டு மாதமும் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது. ஒரு எடை வரிசைகூடக் காணாமல் போகவில்லை.

காரணம், பழைய மளிகைக் கடைக்காரர் செய்த அதே காரியம். வந்த வரவைச் சட்டென்று சிட்டையில் எழுதிவிடுவார், ராத்திரி உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார். போஸ்ட்கிரஸும் மாற்றத்தை முதலில் வால் (WAL) என்ற சிட்டையில் எழுதி, அது டிஸ்க்கில் இறங்கியதை உறுதிசெய்துகொண்டுதான் "பதிந்தாயிற்று" என்று சொல்லும். பேரேட்டுப் பக்கங்கள், ஒவ்வொன்றும் 8 கேபி, நினைவகத்தில் பஃபர் என்ற தற்காலிக இடத்தில் இருக்கும். நாம் மாற்றாமல் விட்டால் அந்தப் பஃபர் இடம் 128 எம்பி. அங்கிருந்து சாவகாசமாக டிஸ்க்குக்குப் போகும். நடுவில் கரன்ட் போனால் சிட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் இதில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறை. 2018இல் வெளிவந்த சங்கதி. பஃபரில் இருந்த பக்கங்களை டிஸ்க்கில் இறக்கச் சொல்லி கம்ப்யூட்டரின் இயங்குதளமான லினக்ஸிடம் எஃப்சிங்க் என்று கேட்கும்போது, டிஸ்க் கோளாறால் முடியவில்லை என்றால் லினக்ஸ் ஒரு தடவை "முடியவில்லை" என்று சொல்லும். சரி, இன்னொரு தடவை கேட்போம் என்று போஸ்ட்கிரஸ் கேட்டால் "ஆச்சு" என்று பதில் வந்துவிடலாம். லினக்ஸ் அந்தப் பக்கங்களை எழுதி முடித்ததாகக் குறித்துக்கொண்டு கைகழுவியிருக்கும். ஏற்றாத கணக்கை ஏற்றியதாக நம்பி போஸ்ட்கிரஸ் சிட்டையைக் கிழித்துப் போட்டுவிடும். பல வருஷமாக யாரும் கவனிக்காத ஓட்டை. 2019 பிப்ரவரியில் 11.2 பதிப்பிலும் அப்போது ஆதரவில் இருந்த பழைய பதிப்புகளிலும் இதைத் திருத்தினார்கள். எப்படித் தெரியுமா? எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றாலே போதும், சர்வர் கூச்சல் போட்டுக்கொண்டு அந்த இடத்திலேயே விழுந்துவிடும். எழுந்து சிட்டையிலிருந்து மறுபடி ஏற்றும். மழுப்பிச் சமாளிப்பதைவிட விழுவதே மேல் என்று முடிவெடுத்தவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வருஷக் கடைசியில் டெபியன் 10 என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, அதில் வந்த போஸ்ட்கிரஸ் 11ஐ நிறுவினேன்.

இனிமேல் சொல்லப்போவது போன டிசம்பரில் நடந்தது. மதிப்புரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கூலிச் சீட்டு அடிக்க ஒரு குட்டி தெர்மல் பிரின்டர் வைத்திருக்கிறோம். இரண்டு அங்குலப் பேப்பர் சுருள். அதில் பெயருக்கு 10 எழுத்து இடம், மிச்சம் கிலோவுக்கும் ரூபாய்க்கும். பெயரை 10க்கு வெட்டி, குறைந்தால் இடைவெளி சேர்த்துத் தர ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது போஸ்ட்கிரஸோடு சேர்க்கும் துணை நிரல், போட்டிருந்தேன். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் தனியாக எழுதி இலவசமாக வெளியிட்ட, சி மொழியில் முந்நூறு வரிகூட இல்லாத திறந்த மூலச் சமாச்சாரம். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஐந்து வருஷம் முணுக்கென்று ஒரு சத்தமில்லாமல் உழைத்தது.

அதுவரை பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தன. அந்த வருஷம் முதலாளியின் மகள் பொறுப்புக்கு வந்தார். சீட்டைக் கையில் வாங்குகிறவர்களால் படிக்க முடியாத பெயர் எதற்கு என்று கேட்டார். நியாயம்தானே? உட்கார்ந்து எல்லாப் பெயரையும் தமிழில் மாற்றினோம். தெர்மல் பிரின்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது என்பதால் படமாக வரைந்து அனுப்பவும் ஏற்பாடு செய்தேன். நாலு பெயரைப் போட்டுப் பார்த்தேன், நன்றாக வந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். "அக்கா, பதினாறு சீட்டு வருதுங்க, பதினேழாவதுல நின்னுடுதுங்க. மறுபடி போட்டா மறுபடியும் பதினாறுங்க." ஐந்து தடவை முயன்றிருக்கிறார். அதாவது 80 சீட்டு. டோக்கன் 3காரர் தன் ஐந்து சீட்டையும் நீட்டி ஐந்து கூலி கேட்டாராம். சிரிப்பு ஒருபக்கம் இருக்க, களத்தில் 61 பேர் நிற்கிறார்கள், பனி இறங்குகிறது, மறுநாள் எல்லோருக்கும் செலவு இருக்கிறது. கையால் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அதற்குள் எடை மேசையிலிருந்த பையனும் கத்தினான். ஒவ்வொரு தடவை சீட்டு நிற்கும்போதும் அவன் திரையிலும் இணைப்பு அறுந்திருக்கிறது.

மலைமேல் இன்டர்நெட் அன்றைக்கு இல்லை. சர்வர் நடந்ததைக் குறித்துவைக்கும் லாகைத் திறந்து திரையைப் படமெடுத்து, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நடந்து போய் வாட்ஸ்அப்பில் அனுப்பினார் மேஸ்திரி. போஸ்ட்கிரஸின் லாகுக்கு நான் தனியாக ஒரு மார்க் போடுவேன். சர்வரின் கிளைச் செயல்முறை ஒன்று சிக்னல் 6 வாங்கி முறிந்தது என்று ஒரு வரி. அது செத்தபோது எந்த வினவலை ஓட்டிக்கொண்டிருந்தது என்று அடுத்த வரி. அந்த வரியில் பெயரே இருந்தது: பழனியம்மாள். அப்புறம், மற்ற இணைப்புகளையும் முறிக்கிறேன், பொது நினைவகத்தைப் புதிதாகத் தொடங்குகிறேன், சிட்டையிலிருந்து மீட்கிறேன், தயார். முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே நாலு விநாடி.

ஒருவர் செத்தால் எல்லோரையும் ஏன் முறிக்க வேண்டும் என்று எடை மேசைப் பையன் கேட்டான். எல்லாக் கிளைகளும் ஒரே பஃபர் இடத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று தாறுமாறாகச் செத்தால், சாகும் முன் பொது இடத்தில் எதையாவது கலைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதனால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, பந்தியைக் கழுவி, புது இலை போடுகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். அன்று காலையிலிருந்து பதிந்த 118 எடை வரிசைகளைப் பின்னர் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், 118ம் இருந்தன. பையன் தட்டிக்கொண்டிருந்த, இன்னும் பதியாத ஒரு வரிசையைத்தான் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில், பக்கத்தில் ஒரு தட்டுவடை செட்டை வைத்துக்கொண்டு, அதே பதிப்பையும் அதே எக்ஸ்டென்ஷனையும் என் லேப்டாப்பில் ஏற்றினேன். பழனியம்மாள் என்று கொடுத்தேன். செத்தது. பாப்பாத்தி என்று கொடுத்தேன். சாகவில்லை. அங்கம்மாள், சாகவில்லை. முத்தம்மாள், செத்தது. ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியை இணைத்துப் பார்த்ததில், விழுந்த இடம் எக்ஸ்டென்ஷனின் வெட்டும் ஃபங்ஷன் என்று வந்தது.

பழனியம்மாள் என்பதில் நம் கண்ணுக்கு 7 எழுத்து: ப, ழ, னி, ய, ம், மா, ள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் னி என்பது னவும் இகரக் குறியும், ம் என்பது மவும் புள்ளியும். அப்படி எண்ணினால் 11. போஸ்ட்கிரஸில் லெங்த் கேட்டால் இந்த 11தான் வரும். அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 33. ஆக்டெட் லெங்த் கேட்டால் 33 என்று சொல்லும். ஒரே பெயருக்கு மூன்று நீளம். எக்ஸ்டென்ஷன் எழுதியவர், பெயரை முதலில் ஒரு 32 பைட் பஃபரில் கொட்டி, முடிவுக்குறியாக ஒரு சுழியும் (பூஜ்ய பைட்) வைத்து, அப்புறம் வெட்டுகிறார். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட். 31 எழுத்தில் பெயர் யாருக்கு இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். வேடிக்கை என்னவென்றால், வெட்டுகிற இடத்தில் பைட் எண்ணாமல் எழுத்து எண்ணி ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். கொட்டுகிற இடத்தில் மறந்துவிட்டார்.

பாப்பாத்தி 30 பைட், சுழியோடு 31. பிழைத்தாள். பழனியம்மாள் சுழியோடு 34. இரண்டு பைட் வெளியே வழிந்தது. பஃபரை ஒட்டி கம்பைலர் (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் கருவி) ஒரு காவல் எண்ணை வைத்திருக்கும். ஃபங்ஷன் முடியும்போது அந்த எண் மாறியிருந்தால், யாரோ வேலி தாண்டியிருக்கிறார்கள் என்று தானே முறித்துக்கொள்ளும். சிக்னல் 6 அதுதான்.

எங்கள் பட்டியலில் பாப்பாத்திகள் இரண்டு பேர் என்பதால் பாப்பாத்தி 1, பாப்பாத்தி 2 என்று எழுதுவோம். இடைவெளியும் எண்ணும் சேர்ந்து 32 பைட். முடிவுச் சுழி 33ஆவது, அதாவது வேலிக்கு வெளியே. ஆனாலும் சாகவில்லை. அரைமணி நேரம் மண்டையைக் குடைந்தது. 64 பிட் லினக்ஸில் அந்தக் காவல் எண்ணின் முதல் பைட் எப்போதும் சுழியாகவே இருக்கும், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சுழியின் மேல் சுழி விழுந்தால் யாருக்குத் தெரியும்? நான் மலையில் சோதித்துப் பார்த்த நாலு பெயரில் பாப்பாத்தி 2ம் ஒன்று. நல்ல பெயரைத் தேர்ந்தெடுத்தேன் போங்கள்.

திருத்தம் சின்னது. இரண்டு வரியை அழித்து ஒரு வரி. போஸ்ட்கிரஸ் வைத்திருக்கும் டெக்ஸ்ட் மதிப்பின் தலையிலேயே அதன் நீளம் எழுதியிருக்கும். அதைப் பார்த்து வேண்டிய அளவுக்கு இடம் வாங்கி, சுழியும் வைத்துத் தருவதற்கு போஸ்ட்கிரஸிலேயே ஒரு ஃபங்ஷன் உண்டு. அந்த இடத்தை நாம் திருப்பித் தரவும் வேண்டாம், வினவல் முடிந்ததும் தானே மொத்தமாகக் காலிசெய்துகொள்ளும். சோதனைக்கென்று சரிபார்ப்புகளைப் போட்டுக் கட்டும் பதிப்பு ஒன்று உண்டு. அதில் ஓட்டினால், இப்படி வாங்கிய இடத்தில் எல்லை மீறி எழுதியிருந்தாலும் லாகில் எச்சரிக்கும். நான் அதிலும் 61 பெயரையும் ஓட்டிப் பார்த்தேன். எச்சரிக்கை இல்லை.

திங்களன்று மேலே போய் ஏற்றிவிட்டு, சீட்டு அடித்தோம். 61ம் வந்தது. எனக்கு வெற்றிதான். பழனியம்மாள் சீட்டைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எம்பேர்ல கடைசிப் புள்ளி எங்க கண்ணு?" என்றார். 10 என்று வெட்டினால் 11ஆவதான புள்ளி போய்விடுகிறது: பழனியம்மாள. சின்னப்பொண்ணு சீட்டில் சின்னப்பொண என்று இருந்தது. அந்தம்மா கோபப்படவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தவரை கடைசி எழுத்து வெட்டுப்பட்டே இத்தனை வருஷம் அச்சாகியிருக்கிறது. படிக்க முடியாததால் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது திருத்தத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. குறியையும் புள்ளியையும் முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் பழனியம்மாளுக்கும் 7, சின்னப்பொண்ணுவுக்கும் 7, வெட்டவே வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து எக்ஸ்டென்ஷன்காரருக்கு அனுப்பினேன், எந்தப் பெயரில் விழுகிறது என்ற சோதனையோடு. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது, இரண்டு வரி. முதல் வரி நன்றி. இரண்டாவது, இந்தப் பெயரைச் சோதனைக் கோப்பில் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. மலையில் எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் நாலு பழனியம்மாள் இருப்பார்கள், வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருகிறேன். ஐந்துக்கு நாலரை. அரை குறைத்ததற்குக் காரணம், சியில் எழுதிய எக்ஸ்டென்ஷனுக்கும் சர்வருக்கும் நடுவே சுவர் கிடையாது. அது சர்வரின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. வெளியார் எழுதிய முந்நூறு வரியில் இரண்டு பைட் வழிந்ததற்கு மொத்த எஸ்டேட்டும் நாலு விநாடி நின்றது. வேகம் வேண்டுமென்றால் இது வேண்டும் என்பார்கள். இருக்கட்டும். நான் இனி எக்ஸ்டென்ஷன் ஏற்றுவதற்கு முன் அதன் மூலத்தை ஒரு தடவையாவது படிக்காமல் ஏற்றுவதில்லை. முந்நூறு வரி படிக்க ஒரு சாயங்காலம் போதும், அதை ஐந்து வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

தமிழைப் பொறுத்தவரை நிம்மதியாகப் பயன்படுத்தலாம், அகரவரிசையை மட்டும் கவனியுங்கள். சி என்ற வரிசைமுறையில் விட்டால் யூனிகோடு எண்படி அடுக்கும், ன பகரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் வரிசையைச் சொல்லிவிட்டால் ன கடைசிக்குப் போய்விடும். கையேடு அருமையானது, முழுக்க ஆங்கிலம்.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள், ஒரு கடைக் கணக்கு என்றால் போஸ்ட்கிரஸ் வேண்டாம், எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸே போதும். அதிலும் பஃபர் பிழை வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2000 அக்டோபரில் வந்த 1.0.12 பதிப்பில் புகுந்த ஒரு எல்லை மீறல், ராட்சத நீளச் சரம் கொடுத்தால் மட்டும் வெளிப்படுவது, 2022 ஜூலையில் 3.39.2இல்தான் திருத்தப்பட்டது. அவ்வளவு கடுமையாகச் சோதிக்கப்படும் மென்பொருளிலேயே 22 வருஷம் தூங்கியிருக்கிறது. எங்களுடையது ஐந்து.

இப்போது அங்கே ஓடுவது டெபியன் 12ஓடு வந்த 15. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருஷம் திருத்தம் தருகிறார்கள். 15க்கு 2027 நவம்பர் வரை உண்டு. பழம் எடுப்பு தொடங்குகிற மாதம் அது. அதனால் அந்த வருஷம் ஜூனிலேயே மேலே போய் மாற்றிவிடலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். யுபிஎஸ் பேட்டரியையும் அன்றைக்கே மாற்றச் சொன்னார்.